முக்காத மாடு

முக்காத மாட்டைப் பார்த்ததும் உங்கள் கை ஊசியைத் தேடும். தேடினால் தேடட்டும், எடுக்காதீர்கள். கால்நடை மருத்துவராகச் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாகக் கால்நடை மருந்தகங்களில் உட்காரப் போகிற இளம் மருத்துவர்களான உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கோழி நோயைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நாமக்கல்காரி என்றால் கோழிதான் என்று ஊரெல்லாம் ஒரு முடிவோடு இருக்கிறது. எனக்குக் கோழி அலுத்துப்போய்விட்டது. மாட்டின் கருப்பையைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

பிரசவத்தைத் தொடங்கி வைப்பது தாய் இல்லை, கன்று. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருப்பீர்கள், மனதுக்குள் நம்பியிருக்க மாட்டீர்கள். நாள் நிறைந்த கன்றின் அட்ரீனல் சுரப்பி கார்டிசாலை விடுகிறது. அதுவரை கருப்பையை அடக்கி வைத்திருந்த புரொஜெஸ்டிரான் இறங்குகிறது, ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது. தசை விழித்துக்கொள்கிறது, கருப்பை வாய் இளகுகிறது. பிறகு கன்று முன்னால் வந்து அந்த வாயை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் நரம்பு வழியாக மூளைக்குச் சேதி போகும். சேதி போனால்தான் ஆக்சிடோசின் சுரக்கும், மாடு முக்கும். மாடு முக்க முக்கக் கன்று இன்னும் அழுத்தும், இன்னும் சுரக்கும். கன்று கதவைத் தட்டவில்லை என்றால் வீட்டுக்குள் யாரும் எழுந்து வரமாட்டார்கள்.

அதனால் ஒரு மாடு வலியெடுத்துப் படுத்து எழுந்து கொண்டிருக்கிறது, ஆனால் முக்கவில்லை என்றால், அது தெம்பில்லாத மாடு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். தட்ட வேண்டியவன் ஏன் கதவுவரை வரவில்லை என்று கேளுங்கள். இது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. திருச்செங்கோட்டுக்கு மேற்கே, பள்ளிபாளையம் போகிற வழியில் உள்ளடங்கிய ஒரு தோட்டத்து வீட்டில் புரிந்தது.

சரசு என்ற பெண்ணிடமிருந்து போன் வந்தது. "டாக்டரம்மா, காலையில இருந்து மாடு படுக்குது, எந்திரிக்குது. முக்க மாட்டேங்குதுங்க. கொஞ்சம் வாரீங்களா?" குரல் நடுங்கவில்லை. நடுங்காத குரலில் கூப்பிடுகிறவர்கள் ரொம்ப நேரம் தயங்கிய பிறகுதான் கூப்பிடுவார்கள். நான் உடனே கிளம்பினேன்.

வாசலுக்கு வரும் மண் தடத்தில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று நின்றிருந்தது. பின்பக்கம் வைக்கோல் விரித்திருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அடிமாட்டு வண்டி. ஓட்டி வந்த வியாபாரி வேப்பமரத்தடியில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "நீங்க பாருங்கம்மா, நான் ஒண்ணும் அவசரப்படுத்தல" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த வண்டி அங்கே நின்றதே போதுமான அவசரம்.

வண்டியை வரச் சொன்னவர் கந்தசாமி, சரசுவின் கணவருக்கு அண்ணன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர் அவர்தான். எந்த வீட்டு மாட்டுக்கு என்ன வந்தாலும் முதலில் போன் அவருக்கு, அவர் கையை விரித்த பிறகுதான் நமக்கு. அதில் எனக்குக் கோபம் கிடையாது. பைக்கை எடுத்துக்கொண்டு கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்கிற மனுஷரை யார் விடுவார்கள்?

"மாட்டுக்குத் தெம்பில்லீங்க டாக்டரம்மா" என்றார் கந்தசாமி. "கன்னு உள்ளயே போயிருச்சாட்ட இருக்குது. மாட்டையாச்சும் உசுரோட ஏத்தி உட்டரலாமுன்னு வண்டி வரச் சொல்லிட்டேன்."

சரசுவின் கையிலிருந்த போன் அதற்குள் பேசியது. அவள் கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போயிருந்தார். கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல் கத்தினார். "அண்ணன் சொல்றாப்புல செஞ்சுரு சரசு. அவருக்குத் தெரியாததா?"

சரசு மாட்டின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். மாடு செவலை, கலப்பினம், இரண்டாவது ஈத்து. மழைக்காலத்தில் ரிக் வண்டி ஊர் திரும்பும் வரைக்கும் அந்த வீடு இந்த மாட்டின் பாலில்தான் ஓடுகிறது என்பதை அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்த கேன்களைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். எனக்குப் பாவம் என்று தோன்றியதைவிட, ஒரு மாட்டுக்காரியைச் சுற்றி நின்று அவளைத் தவிர எல்லோரும் பேசுகிறார்களே என்ற எரிச்சல்தான் அதிகம்.

இப்போது ஒரு தொழில் நுணுக்கம் சொல்கிறேன், எந்தப் பாடத்திலும் வராது. "ஊசி போட்டீங்களா?" என்று கேட்காதீர்கள். கேட்டால் "இல்லீங்க" என்றுதான் வரும். போட்டவர் பெரும்பாலும் சொந்தக்காரராக இருப்பார், பக்கத்திலேயே நிற்பார். காட்டிக் கொடுத்துவிட்டு அவர்கள் அந்த ஊரில் இருக்க வேண்டாமா? கை கழுவத் தண்ணீர் வேண்டும் என்று சரசுவைத் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சோப்பை வாங்கிக்கொண்டே, "ஊசி போட்டதுக்கப்புறம் மாடு முக்குச்சா?" என்று கேட்டேன்.

அவள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். "மொதல் ஊசிக்குக் கொஞ்சம் முக்குச்சுங்க. மறுக்காவும் போட்டாரு. அப்பறம் சுத்தமா நின்னு போச்சுங்க."

"கடைசி ஊசி எப்போ?"

"வெயில் ஏறுறதுக்கு முன்னாலயேங்க. டாக்டரம்மா, நாஞ்சொன்னேன்னு சொல்லிராதீங்க. மாமா மனசுக்குச் சங்கடமாப் போயிரும்."

மாமா என்றது கந்தசாமியை. சொல்ல மாட்டேன் என்றேன். அந்தப் பதில் எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதை யோசித்துப் பாருங்கள். வாசல் அடைத்துக் கிடந்தால், அந்தக் கருப்பையை ஆக்சிடோசின் ஊசி போட்டுப் பிழிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அழுத்தம் எங்கே போகும்? சுவர் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே போகும். கருப்பை எங்காவது கிழிந்திருந்தால் நான் அடுத்துச் செய்யப் போகிற எதுவும் மாட்டைக் கொன்றுவிடும். ஊசியின் வேகம் இந்நேரம் தணிந்திருக்கும், அது ஒன்றுதான் ஆறுதல். சுவரைத் தடவிப் பார்க்காமல் எதையும் தொடக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

என் முதல் மருந்தகத்தில் எனக்கு மேலே இருந்தவர் ஒரு சிடுமூஞ்சி. அவர் எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று. கை உள்ளே இருக்கும்போது வாயைத் திறக்காதே, யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாதே. முதலில் இதைத் திமிர் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பதில் சொல்ல ஆரம்பித்தால் கை தேடுவதை நிறுத்திவிடுகிறது. அன்றைக்குக் கந்தசாமி கேட்டுக்கொண்டேயிருந்தார், போனும் கேட்டுக்கொண்டேயிருந்தது. நான் ஊமையாக நின்றேன்.

உள்ளே வழி நேராகப் போகவில்லை. துணியைப் பிழியும்போது விழுகிற மடிப்புகள் மாதிரி, பாதை வலப்பக்கமாகச் சுற்றிச் சுற்றிக் குறுகிக்கொண்டே போனது. கருப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. மாட்டின் நிறைசினைக் கருப்பை வயிற்றுக்குள் தொங்குகிற கனத்த பை. அதைப் பிடித்து வைத்திருக்கும் இணைப்புச் சவ்வு ஒரு பக்கமாகத்தான் பிடித்திருக்கிறது. மாடு எழும்போது பின்பக்கத்தை முதலில் தூக்குகிறது. சிமெண்டுத் தரையில் ஒரே இடத்தில் கட்டிக் கிடக்கிற மாடு அப்படி எழும்போது சற்றே சறுக்கினாலும், உள்ளே கன்று ஒரு புரளு புரண்டாலும், பை சுழன்றுவிடும். அப்புறம் கன்று எவ்வளவு முயன்றாலும் வாசலை எட்ட முடியாது. தட்டல் இல்லை, சேதி இல்லை, முக்கல் இல்லை. மாட்டுக்குத் தெம்பு இருந்தது. ஆனால் முக்கச் சொல்லி அதற்கு யாரும் உத்தரவு கொடுக்கவில்லை.

முறுக்கின் சந்தில் விரல்களை நீட்டினேன். ஒரு குளம்பு தட்டுப்பட்டது. குளம்பின் பிளவுக்கு நடுவில் அழுத்திக் கிள்ளினேன். கால் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஆசனவாய் வழியாகக் கையை விட்டுக் கருப்பையின் சுவரை எட்டின மட்டும் தடவினேன். வழுவழுப்பாக, விறைப்பாக, எங்கும் விரிசல் இல்லாமல் இருந்தது. கையை வெளியே எடுத்தேன்.

"கன்னு உசுரோட இருக்குது" என்றேன்.

வியாபாரி மரத்தடியிலிருந்து எழுந்து வந்தார். போனில் கணவர், "ஆபரேசன் பண்ணுனா மாடு தேறுமாங்க?" என்று கேட்டார். கந்தசாமி, "அதெல்லாம் தாங்காதுங்க" என்று குறுக்கே விழுந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. மாடு யாருது?"

"என்ற மாடுதானுங்க" என்றாள் சரசு. "கன்னுக்குட்டியா இருக்கைல எங்கப்பன் ஓட்டிட்டு வந்து குடுத்ததுங்க."

"அப்ப நீ சொல்லு கண்ணு. பை முறுக்கியிருக்கு. மாட்டைப் படுக்க வெச்சு உருட்டினா முறுக்குப் பிரியும், பெரும்பாலும் பிரியும். ஆனா பையில என் கைக்கு எட்டாத எடத்துல கீறல் இருந்தா, உருட்டும்போது கிழிஞ்சுரும். மாடும் போயிரும், கன்னும் போயிரும். இந்த வண்டிக்காரர்கூடச் செத்த மாட்டை வாங்க மாட்டாரு. என் கைக்கு எட்டினவரைக்கும் நல்லாருக்கு. இதுக்கு மேல எனக்குத் தெரியாது."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பயப்படாதீர்கள். நான் பார்த்தவரையில் அதைச் சொன்ன பிறகுதான் ஜனங்கள் நம்மை நம்புகிறார்கள். சரசு மாட்டின் காதுக்குப் பின்னால் சொறிந்து கொடுத்தாள். பிறகு போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உருட்டுங்க" என்றாள்.

உருட்டுவதற்கு ஆள் வேண்டுமே. அந்தப் பக்கத்து ஊர்களில் பகலில் ஆண்பிள்ளை கிடைப்பது குதிரைக்கொம்பு. பாதிப்பேர் ரிக்கில், கால்வாசிப்பேர் லாரியில், மிச்சமிருப்பவர்கள் தறியில். சரசு வரப்பில் ஏறி ஏரிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். நூறு நாள் வேலையில் ஏரி தூர்வாரிக்கொண்டிருந்த பெண்கள் தலையில் துண்டோடு கிளம்பி வந்தார்கள். "போட்டோ புடிச்சாச்சு, ஒண்ணும் கேக்க மாட்டாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள் ஒருத்தி. வேலைக்கு வந்ததற்குப் படம் பிடிப்பது முடிந்துவிட்டதாம். எனக்கு அது காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

களத்தில் வைக்கோலைப் பரப்பச் சொன்னேன். பாத்தி சமன் செய்கிற பலகை ஒன்று கிடைத்தது. சூட்சுமம் சின்னதுதான். பை வலப்பக்கமாகச் சுழன்றிருந்தால் மாட்டை வலப்பக்கம் படுக்க வைக்க வேண்டும். மேல் விலாவுக்குப் பின்னால் பலகையை வைத்து ஒருவர் மிதித்து நிற்க வேண்டும், பை அப்படியே அடங்கிக் கிடக்கும். காலைக் கட்டி மாட்டை மெதுவாக அதே வலப்பக்கமாக மல்லாத்திப் புரட்டினால், சுழன்று முன்னால் போய்விட்ட பையை உடம்பு போய்ப் பிடித்துவிடும். பக்கம் மாறினால் போச்சு, முறுக்கு இன்னும் இறுகும்.

வியாபாரி தன் வண்டியிலிருந்து கயிற்றை எடுத்து வந்து மாட்டின் உடம்பைச் சுற்றிப் போட்டு இழுத்தார். மாடு சாதுவாகப் படுத்தது. நான் பலகையைச் சரி பார்க்கத் திரும்பினேன். அதற்குள் வந்திருந்த பெண்களில் மூத்தவர் சத்தம் போட்டார். "ஏனுங்க, வடக்கால தலை வெச்சுப் படுத்துக் கெடக்குதே, ஈனுற மாட்ட இப்பிடியா போடுவாங்க? திருப்பிப் போடுங்க சாமி." எல்லோருக்கும் திக்கென்றாகிவிட்டது. உயிர் ஊசலாடும்போது வடக்கே தலை வைத்ததற்கு யார் பொறுப்பேற்பது? நாலைந்து பேராகக் காலைப் பிடித்தார்கள், வாலைப் பிடித்தார்கள், மாட்டைப் புரட்டித் தள்ளித் தலையைக் கிழக்கே கொண்டுவந்துவிட்டார்கள். எல்லோர் முகத்திலும் திருப்தி. நான் திரும்பிப் பார்த்தபோது மாடு இடப்பக்கம் கீழே படப் படுத்திருந்தது. ஒருத்தி பலகை மேல் ஏறியே நின்றுவிட்டாள், "தள்ளலாமுங்களா?" என்கிறாள்.

"தொடாதீங்க" என்று நான் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது.

அந்த இடத்தில் வடக்காவது தெற்காவது என்று நான் பேசியிருக்கலாம். பேசியிருந்தால் மனசில்லாமல் தள்ளுவார்கள், மனசில்லாமல் தள்ளுகிறவர்கள் பாதியில் கையை விட்டுவிடுவார்கள். அதனால், "தலை கெழக்கயே இருக்கட்டும். மாட்டை எழுப்பி நிறுத்தி, வலப்பக்கம் கீழ வர்ற மாதிரி மறுபடி படுக்க வெய்யுங்க. காலு எந்தப் பக்கம் இருந்தாலும் சாமி கோவிச்சுக்காது" என்றேன். மூத்தவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "அது செரிங்க, தலைதானே கணக்கு" என்று அனுமதி தந்தார். வைத்தியத்துக்கு இடைஞ்சல் இல்லாத நம்பிக்கையோடு சண்டை போடாதீர்கள். அதோடு சேர்ந்து வேலை செய்யுங்கள், வேகமாக முடியும்.

முதல் உருட்டில் ஒன்றும் ஆகவில்லை. கையை விட்டுப் பார்த்தேன், மடிப்புகள் அப்படியே இருந்தன. சரசு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழிந்துவிட்டதோ என்று எனக்குப் பயம் வந்தது உண்மை. சுவரை மறுபடி தடவினேன், நன்றாக இருந்தது. "இன்னொருக்கா, இன்னும் மெதுவா" என்றேன். பலகை மேல் இன்னொரு பெண்ணையும் ஏறி நிற்கச் சொன்னேன்.

இரண்டாவது உருட்டில் மாடு மல்லாந்து மறுபக்கம் சாயும்போது உள்ளே கனமாக ஏதோ புரண்டது. பலகை மேல் நின்றவர்கள் அதைக் காலில் உணர்ந்து "அய்யோ" என்றார்கள். நான் கையை விட்டேன். வழி நேராகக் கிடந்தது. மடிப்பு ஒன்றுகூட இல்லை. பனிக்குட நீர் என் முழங்கை வழியாக ஊற்றியது, சேலையெல்லாம் நனைந்தது.

கட்டை அவிழ்த்தோம். மாடு தானாக எழுந்து நின்றது. கொஞ்ச நேரம் எல்லோரையும் சுற்றிப் பார்த்தது. பிறகு முதுகை வளைத்துக்கொண்டு முக்கியது.

யாரும் ஊசி போடவில்லை. கன்று கதவைத் தட்டிவிட்டது, அவ்வளவுதான். கந்தசாமி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஏதாவது செய்தாக வேண்டும் என்று கயிற்றை எடுத்துக்கொண்டு, உள்ளே கைவிட்டுக் கன்றின் காலைக் கட்டி இழுக்க வந்தார். "வேண்டாம். வாய் இன்னும் முழுசா விரியல. இழுத்தா கிழியும். அதுவே வரட்டும்" என்று வாளியில் வெந்நீர் கொண்டுவரச் சொன்னேன். காத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான், நம் தொழிலில் அதைச் செய்வதற்குத்தான் ரொம்பத் துணிச்சல் வேண்டும்.

இரண்டு குளம்பு வந்தது, அதன்மேல் மூக்கு வந்தது, அப்புறம் மொத்தமாக வைக்கோலில் வந்து விழுந்தது. மூச்சில்லை. மூக்கைத் துடைத்து, வைக்கோல் ஈர்க்கை உள்ளே விட்டு நிமிண்டினேன். மறுபடி நிமிண்டினேன். தும்மியது.

"கெடேரியாங்க?" என்றார்கள் பெண்கள்.

"காளை."

அவர்கள் முகம் சற்றே சுருங்கியது. பாலுக்கு மாடு வைத்திருக்கும் வீட்டில் காளைக்கன்றுக்கு என்ன மதிப்பு? சரசு மட்டும், "இருந்துட்டுப் போவுது" என்று சொல்லிக் கன்றைத் தூக்கி மாட்டின் முகத்தருகில் போட்டாள். மாடு நக்கத் தொடங்கியது. வியாபாரி தன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, "வாரனுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் காலி வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

கந்தசாமி கன்றைச் சாக்கால் துடைத்துக்கொண்டிருந்தார். சரசு அவருக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "மாமா, நீங்க ஊசி போட்டத டாக்டரம்மாகிட்ட நாந்தான் சொன்னனுங்க" என்றாள். அத்தனை பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் காப்பாற்றிய ரகசியத்தை அவளே உடைத்துவிட்டாள்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. சாக்கு மட்டும் நின்றது. அப்படியே என்னைக் கேட்டார். "இன்னொண்ணு போட்டிருந்தா என்னாயிருக்குமுங்க?"

"கிழிஞ்சிருக்கும்" என்றேன். இதமாகச் சொல்லியிருக்கலாம். இதமாகச் சொன்னால் மறந்துவிடுவார். பிறகு அவரைத் தொட்டிக்குக் கூட்டிப்போய், ஒரு ஈரத் துணியைப் பிழிந்து காட்டி, கையை எப்படி விட வேண்டும், வலச்சுழி எப்படித் தெரியும், இடச்சுழி எப்படித் தெரியும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவராகக் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். நாளைக்கும் முதல் போன் அவருக்குத்தான் போகும், எனக்கு வராது. அவரை விரட்டிவிட்டு நான் என்ன சாதிக்கப் போகிறேன்?

மறு வருஷம் வெயில் காலத்தில், மருந்தகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது போன் அடித்தது.

"டாக்டரம்மா, கந்தசாமிங்க. பக்கத்துத் தோட்டத்துல ஒரு மாடு முக்கலீங்க. கைய உட்டுப் பாத்தனுங்க. எடப்பக்கமாச் சுத்திக் கெடக்குது. கன்னு கால இழுக்குது. களத்துல வைக்கலப் பரப்பியாச்சு, பொம்பளைங்களயும் வரச் சொல்லியாச்சு. நீங்க வந்து ஒருக்கா பாத்துட்டீங்கன்னா உருட்டிரலாமுங்க." போனை வைக்கப் போனவர் மறுபடி பேசினார். "ஊசி எதும் போடலீங்க."

ஊசியைப் பற்றி நான் கேட்கவே இல்லை.